அறுவடைக்கு முன் ஃப்ளஷ் செய்ய வேண்டுமா? பாலிபேக் மிளகாய் போடும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் லயத்து வீட்டுக்குப் பின்னாலும், வாடகைக்கு எடுத்த அரை ஏக்கரிலும், பாலிபேக்கில் (பிளாஸ்டிக் பையில்) சொட்டுக் குழாய் வழியாக உரத்தண்ணீர் விட்டு மிளகாய் போட ஆரம்பித்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஆரம்பித்தபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உரக்கடையில் ஒன்று, வீடியோவில் ஒன்று, பழைய தோட்டத்து ஆள் சொன்னது வேறொன்று. அதிலும் அதிகம் குழப்பியது இந்தக் கேள்விதான்: காய் பறிப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் உரத்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீர் விட வேண்டுமா? இதைத்தான் ஃப்ளஷ் என்கிறார்கள்.

மிளகாய்க்கு வேண்டாம். ஆனால் உரத்தின் உப்பு ஏறிய பையைக் கழுவத்தான் வேண்டும். அது அறுவடையைப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை, உப்பை அளக்கும் மீட்டரைப் பார்த்துச் செய்யும் வேலை. அறுவடைக்கு முன்னால் நாள் எண்ண வேண்டியது உரத்துக்கு இல்லை, பூச்சி மருந்துக்கு. வேரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் காயில் இருக்கும் மருந்து வெளியே வராது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் காசும் போகிறது, சாப்பிடுகிறவர்களுக்கும் கெடுதல் வருகிறது.

ஃப்ளஷ் பேச்சு நம்மிடம் வந்தது பெரும்பாலும் வெளிநாட்டு வீடியோக்கள் வழியாக. கனடாவிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் கஞ்சா வளர்ப்பது உரிமம் பெற்ற தொழில். அங்கேதான் கடைசி ஒரு வாரம், இரண்டு வாரம் வெறும் தண்ணீர் விட்டால் ருசி கூடும் என்று சொல்வார்கள். அங்கேயும் 0, 7, 10, 14 நாள் என்று பிரித்துச் சோதித்துப் பார்த்தபோது விளைச்சலிலும் சத்திலும் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. நம் நாட்டில் அந்தச் செடி பக்கமே போகாதீர்கள். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 6பி பிரிவில் அதை வளர்த்ததற்கே ஆயுள் தண்டனையும் பிரம்படியும் உண்டு. அந்த வீடியோவில் சொல்வதை அப்படியே மிளகாய்க்குப் போடுவதும் பொருந்தாது. ஏன் என்பது முதல் படியிலேயே தெரியும்.

1. உங்கள் பயிர் எது என்று முதலில் பாருங்கள்

மிளகாயில் "அறுவடை நாள்" என்று ஒரு நாள் கிடையாது. நாற்று நட்டு இரண்டரை மாதம் போல ஆனதும் முதல் காய் சிவக்கும். அதற்கப்புறம் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பறித்துக்கொண்டே இருப்போம், மூன்று மாதமோ அதற்கு மேலோ. ஒரே செடியில் சிவந்த காய், பச்சைக் காய், பிஞ்சு, பூ எல்லாம் ஒரே சமயத்தில் நிற்கும். சிவந்த காய்க்காக இரண்டு வாரம் உரத்தை நிறுத்தினால் பட்டினி கிடப்பது அடுத்த நான்கு பறிப்புக்கான பிஞ்சுகள்.

முதலில் அடிபடுவது சுண்ணாம்புச் சத்து. கால்சியம் தண்ணீரோடு வேரிலிருந்து மேலே போகும். இலையில் ஒருமுறை தங்கிவிட்டால் அங்கிருந்து காய்க்குத் திரும்பி வராது. அதனால் தினமும் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்ற வாரத்தில் உருவாகும் பிஞ்சுகளின் நுனி கொஞ்ச நாளில் பழுப்பாகி அழுந்தும். நோய் என்று நினைத்து மருந்து அடிப்பார்கள். மருந்தால் தீராது.

உரத்திலிருக்கும் நைட்ரேட் காயில் சேர்ந்துவிடும் என்று பயம் காட்டுகிறவர்களும் உண்டு. நைட்ரேட் பெரும்பாலும் இலையில்தான் சேரும், காயில் குறைவு. ஆகவே இந்தக் கவலை கீரைக்காரர்களுக்கு. தண்ணீரில் சாவிக் கீரை, கங்கோங் கீரை, சலாட் போடுகிறவர்கள் கடைசி இரண்டு மூன்று நாள் உரக்கரைசலை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஓட விட்டால் இலையில் நைட்ரேட் குறையும். வெயில் நன்றாக விழுந்த நாளின் பிற்பகலில் பறித்தால் காலையில் பறிப்பதைவிட இன்னும் குறைவாக இருக்கும், ஏனென்றால் வெளிச்சத்தில்தான் செடி அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. வாடாமல் இருக்க உடனே நிழலுக்குக் கொண்டு போய்விடுங்கள். கீரைக்கு இது போதும். இனி மிளகாயைப் பற்றியே பேசுகிறேன்.

2. மீட்டர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்

இசி மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) ஒன்று, பிஎச் மீட்டர் (புளிப்புத் தன்மையைக் காட்டுவது) ஒன்று. பேனா மாதிரி இருக்கும் சாதாரண மீட்டர் நூறு வெள்ளிக்குள்ளேயே (ரிங்கிட்) கிடைக்கிறது. இதில் மிச்சம் பிடித்து உரத்தில் கொட்டுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். முதலாவது, மீட்டரைச் சரிபார்க்கும் திரவத்தையும் சேர்த்து வாங்குங்கள். இசிக்கு 1.413 என்று எழுதிய சின்னப் பாக்கெட் வரும். மாதம் ஒருமுறையாவது அதில் முக்கி எண் சரியாக வருகிறதா பாருங்கள். இரண்டாவது, அதே உப்பை வேறு அளவில் காட்டும் பிபிஎம் எண்ணை நம்பிப் பேசாதீர்கள். ஒரே தண்ணீர் ஒரு மீட்டரில் 1,000 பிபிஎம் காட்டும், வேறொன்றில் 1,400 காட்டும், இரண்டிலும் இசி 2.0தான். கம்பெனிக்குக் கம்பெனி பெருக்கும் கணக்கு வேறு. கடைக்காரரிடமோ பக்கத்துத் தோட்டக்காரரிடமோ பேசும்போது இசி எண்ணையே சொல்லுங்கள். மூன்றாவது, அளந்து முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி மூடி வையுங்கள். உப்பு காய்ந்த மீட்டர் பொய் சொல்லும்.

உரம் ஏ, பி என்று இரண்டு தாங்கியில் ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு: ஏ-யில் கால்சியம், பி-யில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். கெட்டியாக இருக்கும்போது இரண்டையும் சேர்த்தால் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். செடிக்கும் போகாது, பைக்குள் தண்ணீர் சொட்டும் டிரிப்பரையும் அடைக்கும். எப்போதும் பெரிய தாங்கியில் தண்ணீர் நிரப்பிய பிறகு ஏ ஊற்றிக் கலக்கி, அப்புறம் பி.

3. வடிநீரை அளந்து பழகுங்கள்

வடிநீர் என்பது பையின் அடியிலிருந்து வெளியே வடியும் தண்ணீர். புதியவர்கள் தாங்கியில் மட்டும் அளக்கிறார்கள். தாங்கியில் இசி 2.2 இருக்கும், பையின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நல்ல வெயில் நாளில் செடி தண்ணீரை வேகமாகக் குடிக்கும், உரத்தை அந்த அளவுக்கு எடுக்காது. மிச்ச உப்பு பைக்குள் மண்ணுக்குப் பதிலாகப் போடும் கொக்கோபீட்டிலேயே (தேங்காய் நார்த்தூள்) தங்கும். நாளுக்கு நாள் கூடும்.

அளப்பது இப்படி. வரிசைக்கு ஒரு பை வீதம் நான்கைந்து பையைத் தேர்ந்தெடுத்து அடியில் ஒரு தட்டு வையுங்கள். ஓரத்துப் பை வேண்டாம், நடுவில் உள்ளது வேண்டும். காலையில் இரண்டாவது தடவை சொட்டு நீர் ஓடி முடிந்து கொஞ்சம் பொறுத்தால் தட்டில் தேநீர் நிறத்தில் தண்ணீர் நிற்கும். மீட்டரை அதில் விட்டு எண் நிலைக்கும் வரை காத்திருங்கள். மேலே ஏறிக்கொண்டே போய் 2.6-இல் நின்றால் பிரச்சினை இல்லை. 3.3, 3.5 என்று போனால் பையில் உப்பு ஏறிவிட்டது. அந்தப் பையின் மேலே விரலால் கிளறிப் பாருங்கள், கொக்கோபீட்டின் மேல் வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும். அடி இலையின் ஓரம் தீய்ந்த மாதிரி இருக்கும்.

நான் வைத்திருக்கும் கணக்கு: வடிநீர் இசி, உள்ளே போகும் இசியைவிட 0.5 வரை கூடலாம். 1.0-க்கு மேல் கூடினால் கழுவு. இடைப்பட்டது என்றால் சொட்டு நேரத்தைக் கொஞ்சம் கூட்டினால் தானாக இறங்கிவிடும். வடிநீரே வரவில்லை என்றால் அது சிக்கனம் இல்லை, உப்பு சேமிப்பு. விடும் தண்ணீரில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்கு வெளியே வடிய வேண்டும்.

வாரம் ஒருமுறை அளந்தால் போதும். வறண்ட மாதங்களில் வாரம் இரண்டு முறை. அக்டோபர், நவம்பர் மழையில் கூரை இல்லாத தோட்டமாக இருந்தால் கதை தலைகீழ்: மழையே பையைக் கழுவிவிடும், வடிநீர் இசி 1.0-க்குக் கீழே இறங்கிவிடும். அப்போது நீங்கள் வேறு ஃப்ளஷ் செய்தால் செடி வெளுத்துப் போகும். மழை விட்ட மறுநாள் தாங்கியில் உரத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் கொடுக்க வேண்டும்.

4. கழுவுவதாக இருந்தால் எப்படிக் கழுவுவது

காலை ஏழு, எட்டு மணிக்கு ஆரம்பியுங்கள். மதியம் வெயிலில் வாடி நிற்கும் செடிக்கு ஒரேயடியாக வெறும் தண்ணீர் கொடுத்தால் காய் வெடிக்கலாம், தக்காளி போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாலையில் செய்தால் இரவு முழுவதும் வேர் ஈரத்தில் நிற்கும், அழுகல் வரும்.

வெறும் குழாய்த் தண்ணீரைவிட இசி 0.8, 1.0 அளவுக்கு உரம் கலந்த தண்ணீர் நல்லது. கொக்கோபீட்டுக்குக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. முற்றிலும் வெறும் தண்ணீர் விட்டால் அந்தச் சமநிலை கலைகிறது. ஒரே மூச்சில் ஊற்றாமல் பத்து நிமிடம் சொட்ட விட்டு, அரை மணி நேரம் நிறுத்தி, மறுபடியும் சொட்ட விடுங்கள். இடைவெளியில் உப்பு கரைந்து இறங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டில் அளந்து பாருங்கள். வடிநீர், நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் இசி அளவுக்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு, அன்றைக்கே வழக்கமான உரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மறுநாள் வரை வெறும் தண்ணீர் விடாதீர்கள்.

தண்ணீர்க் கணக்கையும் முன்கூட்டியே போடுங்கள். பைக்கு மூன்று லிட்டர் என்றாலே ஆயிரம் பைக்கு 3,000 லிட்டர். தாங்கி 1,500 லிட்டர் என்றால் இரண்டு தடவை நிரப்ப வேண்டும். ஒரே நாளில் முடியாது என்று தெரிந்தால் பாதித் தோட்டம் இன்று, பாதி நாளை. வடிந்து ஓடும் உரத்தண்ணீர் பக்கத்து ஓடையில் விழாத மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டி வாழைப் பக்கம் திருப்பிவிடுங்கள். சான்றிதழுக்காகத் தணிக்கைக்கு வருகிறவர்களும் இதைப் பார்ப்பார்கள்.

5. நாள் எண்ண வேண்டியது மருந்துக்கு

இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துப் படியுங்கள்.

ஒவ்வொரு பூச்சி மருந்து பாட்டிலிலும், கடைசியாக அடித்த நாளிலிருந்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று மலாய் மொழியில் அச்சடித்திருக்கும். மூன்று நாள், ஏழு நாள், பதினான்கு நாள் என்று மருந்துக்கு மருந்து மாறும், ஒரே மருந்துக்குப் பயிருக்குப் பயிரும் மாறும். எழுத்து சின்னதாக இருக்கும். கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், நாம் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பறிக்கிறோம். ஏழு நாள் மருந்தை அடித்துவிட்டு நான்காம் நாள் பறித்தால் அந்தக் காய் விற்கத் தகுந்தது கிடையாது. ஆனால் ஏழு நாள் விட்டால் பழுத்துப் போகும், விலை விழும். இந்த நெருக்கடியில்தான் பலர் கண்ணை மூடிக்கொண்டு பறித்து அனுப்புகிறார்கள். "ஃப்ளஷ் பண்ணிட்டேன், ஒண்ணும் இருக்காது" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். செடிக்குள் ஊடுருவிப் போகும் மருந்துகள் சாறோடு கலந்து காய்க்குள்ளேயே இருக்கும். வேரில் விடும் தண்ணீர் அதைத் தொடாது. காயைக் கழுவினாலும் மேலே ஒட்டியது ஓரளவு போகும், உள்ளே இருப்பது போகாது. நாளும் வெயிலும் செடியின் வளர்ச்சியும்தான் அதைக் குறைக்கும்.

இதற்கு நான் செய்வது, தோட்டத்தை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்வது. ஒரு பகுதியில் காலையில் முழுவதும் பறித்து முடித்து, அன்று மாலையே அந்தப் பகுதிக்கு மட்டும் மருந்து. வரிசை முனையில் சிவப்பு ரிப்பன் கட்டி, அதில் மார்க்கர் பேனாவால் பறிக்கலாம் என்கிற தேதியை எழுதிவிடுவேன். பறிக்க வரும் அக்காமார்களுக்கு ரிப்பன் இருந்தால் உள்ளே போகக்கூடாது என்று தெரியும். வாயால் சொன்னது மறந்துபோகும், ரிப்பன் மறக்காது. மற்ற இரண்டு பகுதியில் பறிப்பு நடந்துகொண்டே இருக்கும், காய் வாங்கும் முதலாளியான தவுக்கேக்குச் சரக்கும் நிற்காது.

எண்ணும் முறையில் தகராறு வேண்டாம். திங்கள் மாலை அடித்தால் செவ்வாய்தான் முதல் நாள். ஏழு நாள் மருந்து என்றால் அடுத்த செவ்வாய் காலையில் பறியுங்கள். இரண்டு மருந்தைச் சேர்த்து அடித்தால் அதிக நாள் எதற்கோ அதுதான் கணக்கு. இலைப்பேன் போன்ற பூச்சிக்கு அவசரம் என்று வேரில் ஊற்றும் மருந்து இன்னும் நீண்ட நாள் செடியில் இருக்கும். அதைப் பூ வருவதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

காய்ப்பு உச்சத்தில் இருக்கும் மாதத்தில் முடிந்தவரை காத்திருப்பு நாள் குறைவான மருந்தையே பயன்படுத்துங்கள். புழுவுக்கு பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் கலந்த மருந்து, பூச்சிக்கு மஞ்சள் ஒட்டு அட்டை, வேப்பெண்ணெய். இலை சுருண்டு, இலையின் அடியில் வெள்ளை ஈ கூட்டமாக நிற்கும் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி வெளியே கொண்டு போவது, அதற்கு மருந்து அடித்துக்கொண்டே இருப்பதைவிட மலிவு.

6. பாட்டில் வாங்கும்போது

மலேசியாவில் விற்கும் ஒவ்வொரு மருந்துக்கும் 1974ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும். லேபிளில் எல்.ஆர்.எம்.பி. (LRMP) என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். அது இல்லை என்றால் வாங்காதீர்கள். வடக்கே எல்லை தாண்டி வரும் பாட்டில்கள் பாதி விலைக்குக் கிடைக்கும், லேபிள் தாய் எழுத்தில் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எதுவும் உங்களுக்குப் படிக்க வராது. அந்த மலிவு வேண்டவே வேண்டாம்.

லேபிளின் அடியில் ஒரு நிறப் பட்டை இருக்கும். கறுப்பும் சிவப்பும் கடும் விஷம், மஞ்சள் அடுத்தது, நீலம், வெள்ளை அதற்கும் கீழே. வெள்ளைப் பட்டை என்றால் காத்திருக்க வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பட்டை சொல்வது அடிக்கிற ஆளுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை. காயில் எத்தனை நாள் நிற்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஸ்டோரில் பழைய பாட்டில் இருந்தால் இன்றே பாருங்கள். குளோர்பைரிஃபாஸும் கார்போஃபுரானும் 2023 மே 1 முதல் விவசாயத்துக்குத் தடை. வரிசைக்கு நடுவில் புல்லுக்கு அடிக்கும் பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதலே தடை. "தாத்தா காலத்திலிருந்து இதுதான்" என்று யாராவது எடுத்து நீட்டினால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தடை செய்த மருந்தின் மிச்சம் காயில் தெரிந்தால் உங்கள் சரக்கோடு போகாது, அந்த லாரியில் வந்த எல்லார் சரக்கும் சந்தேகத்துக்குள்ளாகும்.

ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

7. நோட்டுப்புத்தகம்

நீளமான கணக்கு நோட்டு ஒன்று போதும். தேதி, எந்தப் பகுதி, மருந்தின் பெயர், பதிவு எண், எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி, யார் அடித்தார், எதற்காக அடித்தார், எந்தத் தேதியில் பறிக்கலாம், எந்தத் தேதியில் பறித்தோம், எத்தனை கிலோ. இன்னொரு பக்கத்தில் உர இசி, வடிநீர் இசி, பிஎச். அடித்த அன்றே எழுதுங்கள். வார முடிவில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லா வரியும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருக்கும். தணிக்கைக்கு வருகிறவர்கள் பக்கத்தைத் திருப்பியதுமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பேரங்காடிக்கு அனுப்பும் தவுக்கே ஒருவர் என் தோட்டத்துக்கு வந்தபோது காயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கடைசியா எப்ப மருந்து?" என்று கேட்டார்.

நோட்டை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தை விரலால் வரி வரியாகப் படித்தார்.

"சரி, நாளைக்கு லாரி வரும்."

சிங்கப்பூருக்குப் போகும் சரக்கு எல்லையிலேயே சோதனைக்குப் போகலாம். உள்ளூரிலும் சுகாதார இலாகா மாதிரி எடுக்கும். 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின் 16ஆவது அட்டவணையில் எந்த மருந்து எந்தப் பயிரில் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு இருக்கிறது. உங்கள் பக்கம் பேச அந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

8. மைகேப் சான்றிதழ்: எந்தப் பத்திரத்தை முதலில் தேடுவது

மைகேப் (myGAP) என்பது நல்ல விவசாய முறைக்கு விவசாய இலாகா கொடுக்கும் சான்றிதழ். முன்பு இருந்த எஸ்.ஏ.எல்.எம். திட்டம்தான் 2013இல் இந்தப் பெயருக்கு மாறியது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. "செய்து தருகிறேன், ஐந்நூறு வெள்ளி" என்று வருகிற ஏஜெண்டுக்குக் கொடுக்க வேண்டாம். சுங்கை சிப்புட்காரர்கள் கோலகங்சார் மாவட்ட விவசாய இலாகாவில் கேட்க வேண்டும்.

என்னை அதிகம் அலைய வைத்தது நிலப் பத்திரம். நீங்களும் அதையே முதலில் தேடுங்கள். மற்றதெல்லாம் ஒரு நாள் வேலை.

சொந்த நிலம் என்றால் கிராண்டின் (நிலப் பட்டாவின்) நகலும் அந்த ஆண்டு நிலவரி ரசீதும். கிராண்டு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கேட்கலாம். பினாங்கிலும் ஜொகூரிலும் இருக்கும் சித்தப்பா, அத்தைமார்களிடம் இப்போதே பேசி வையுங்கள். வாடகை நிலம் என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. தோட்ட நிர்வாகம் லயத்துக்குப் பின்னால் போட்டுக்கொள்ளச் சொன்ன இடம் என்றால் நிர்வாகத்தின் கடிதத் தலைப்பில் அனுமதி வாங்குங்கள். மேனேஜர் மாறிவிட்டால் பழைய வார்த்தைக்கு மதிப்பிருக்காது.

அரசாங்க நிலத்தில் தற்காலிக உரிமத்தோடு இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உரிமம் எந்த மாதத்தில் எடுத்திருந்தாலும் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். அக்டோபரில் எடுத்தவர் மூன்று மாதத்தில் மறுபடியும் நில அலுவலகத்தில் நிற்க வேண்டியிருக்கும். நவம்பரிலேயே புதுப்பிக்கக் கேளுங்கள். காலாவதியான உரிமத்தை வைத்து விண்ணப்பம் போட்டால் பார்க்காமலே திருப்பிவிடுவார்கள்.

கூடவே வைத்துக்கொள்ள வேண்டியவை: ஐசி (அடையாள அட்டை) நகல், கம்பெனி பெயரில் செய்தால் எஸ்.எஸ்.எம். (கம்பெனி ஆணையம்) பதிவு, கையால் வரைந்த தோட்டப் படம் (பைகள், தாங்கி, மருந்து ஸ்டோர், கழிவறை, தண்ணீர் எடுக்கும் இடம் எல்லாம் குறித்து), உர, மருந்து ரசீதுகள், நோட்டு. மருந்து ஸ்டோர் பூட்டோடு இருக்க வேண்டும்; உரமும் மருந்தும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது; காலிப் பாட்டிலை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, தனியாகக் கட்டி வைத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஒரு பழைய இரும்பு அலமாரியும் ஒரு பூட்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, விண்ணப்பத்தை முதல் பருவத்திலேயே போடுங்கள், ஆனால் சான்றிதழை நம்பி அந்தப் பருவத்துக்கு விலை பேசாதீர்கள். தோட்டத்தைப் பார்க்க வருவார்கள், தண்ணீரும் காயும் சோதனைக்கு எடுப்பார்கள், குறை சொன்னதைத் திருத்த வேண்டும், அப்புறம்தான் கைக்கு வரும். மாதங்கள் ஆகும். இடையில் வாங்குகிறவர் சோதனை அறிக்கை கேட்டால் தனியார் ஆய்வகத்தில் மருந்து மிச்சம் பார்க்கச் சில நூறு வெள்ளி ஆகும். அனுப்பும் முன்னால் எத்தனை வகை மருந்துக்குச் சோதிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அடித்த மருந்து அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அறிக்கைக்கு அர்த்தமில்லை.

9. பருவம் முடிந்ததும்: உண்மையான ஃப்ளஷ் இங்கேதான்

கொக்கோபீட்டை அடுத்த பருவத்துக்கும் பயன்படுத்த நினைத்தால் முழுசாகக் கழுவ வேண்டியது அப்போதுதான். செடியை அடியோடு வெட்டி எடுத்துவிட்டு, பழைய வேரை முடிந்தவரை பிடுங்கி எறிந்து, பைக்குள் இருக்கும் கொக்கோபீட்டின் அளவைப்போல் இரண்டு மடங்கு வெறும் தண்ணீரை ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவையாக விடுங்கள். வடிநீர் இசி 0.5, 0.6-க்கு வர வேண்டும். அதற்கப்புறம் கால்சியம் நைட்ரேட்டை மட்டும் இலேசாகக் கரைத்து ஒரு சுற்று விட்டு, மறுநாள் வடிய விட்டு நாற்று நடலாம். புதிதாக வாங்கிய கொக்கோபீட்டுக்கும் இதே முறை. கடலோரத் தேங்காய் மட்டையில் உப்பு இருக்கும், கழுவாமல் நட்ட நாற்று ஒரு வாரத்தில் சுருங்கிவிடும்.

திடீரென்று பச்சையாகவே வாடிச் செத்த செடி நின்ற பைகளை மட்டும் கழுவ முயற்சிக்காதீர்கள். தண்டை நறுக்கி ஒரு கண்ணாடி கிளாஸ் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் மாதிரி வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தப் பையைக் கட்டி, தண்ணீர் ஓடும் பாதைக்கு எட்டாத இடத்தில் கொண்டு போய்ப் போடுங்கள். அதன் டிரிப்பர் குச்சியையும் குளோராக்ஸ் (ப்ளீச்) கலந்த தண்ணீரில் ஊறவைத்த பிறகே அடுத்த பைக்குச் செருகுங்கள்.